முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

வீட்டிலிருந்தபடியே புடவை, ஊறுகாய், பித்தளை விளக்கு என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது. படம்தான் காலை வாருகிறது. உடனே கடன் வாங்கியாவது கேமரா வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரமே இல்லை. கையிலிருக்கும் செல்போன் இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும். கோளாறு அறையின் வெளிச்சத்தில் இருக்கிறது.

பகல் வெளிச்சத்தின் நிறவெப்பம் சுமார் 5500 கெல்வின்; மஞ்சள் பல்புக்கு 2700. இரண்டும் சேர்ந்து விழுந்தால் புடவையின் ஒரு பக்கம் நீலம் பூத்து, மறுபக்கம் மஞ்சளடிக்கும். போன் எந்தப் பக்கத்தைத்தான் சரிசெய்யும்? ‘படத்துல பார்த்த கலர் இது இல்லையே’ என்று பார்சல் திரும்பி வருவதற்கு இது போதும். எனவே அறையில் எரியும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

எந்த ஜன்னல்? வடக்குப் பார்த்தது, அதில் நேர்வெயில் விழாது என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் ஊருக்கு அது முழுதாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சி வெயிலே வடக்குப் பக்கமிருந்துதான் அடிக்கும். சன்ஷேடு இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடலாம். வெயில் பரவி மெத்தென்று இறங்கும். சொட்டுநீலம் தூக்கலாகப் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம், அந்தச் சாயல் படத்திலும் எட்டிப் பார்க்கும்.

மேஜையை ஜன்னலோரம் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். பின்னணிக்கு வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, மடிக்காமல் வளைத்து மேஜைமேல் இறக்கினால் சுவர் முடிந்து மேஜை தொடங்கும் கோடே தெரியாது. இவ்வளவுக்கும் இருநூறு, முந்நூறு ரூபாய் ஆனால் அதிகம்.

பட்டுக்கு இந்தப் பக்கவாட்டு வெளிச்சம் உயிர். மயில்கழுத்து நிறப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் அந்த விளையாட்டும் போய், ஜரிகையும் வெளுத்துவிடும். எவர்சில்வர், பித்தளையின் தொல்லை வேறு. அவை கண்ணாடி மாதிரி. குடத்தைப் படமெடுத்தால் அதன் வயிற்றில் உங்கள் பூப்போட்ட சட்டை தெரியும். சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, நடுவில் லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை போட்டு எடுங்கள். விளிம்பு பின்னணியோடு கரைந்துபோனால் ஓரமாக ஒரு கறுப்பு சார்ட் வைத்துப் பாருங்கள், குடம் எடுப்பாகத் தெரியும்.

துணியும் பகல் வெளிச்சமும் வைத்து என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்பவர்கள், மாலி நாட்டின் சைது கெய்தா எடுத்த படங்களைப் பார்க்க வேண்டும். 1948-இல் பமாகோ நகரில் ஸ்டுடியோ திறந்தவர். முற்றத்துப் பகல் வெளிச்சம். பின்திரைக்குத் தன் படுக்கை விரிப்பு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரையை மாற்றுவார். பின்னாளில் எந்தப் படம் எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க அந்தத் துணிகளே உதவின. இன்று அந்தப் படங்கள் உலக அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

ராத்திரியில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் எல்இடி விளக்கு வாங்கலாம். அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அரக்குச் சிவப்பு செத்துப்போகும். ரிங்லைட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன், குடத்துக்குக் குடம் வட்டம் விழும்.

இன்னும் காசு மிஞ்சினால் ட்ரைபாட் வாங்குங்கள். கை நடுக்கம் போகும், மங்கிய வெளிச்சத்திலும் புள்ளி புள்ளியாகத் தெரியாது. அதன் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவைத்தால், அடுத்த வாரம் எடுக்கும் புடவையும் இன்று எடுத்ததன் அளவிலேயே விழும்.