வெள்ளையெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரிப் பருத்தி பயிரிடும் விவசாயிகளுக்கு மாவுப்பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியப் பருத்தியில் வேகமாகப் பரவிய இப்பூச்சி, குருத்திலும் தண்டிலும் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. குருத்தில் வெள்ளையாக எதைக் கண்டாலும் மருந்து தெளிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால், அந்த வெள்ளைக் கூட்டத்திலேயே மாவுப்பூச்சியைத் தின்று அழிக்கும் நண்பனும் இருக்கக்கூடும்.

ஸ்கிம்னஸ் என்னும் சிறு பொறிவண்டே அந்த நண்பன். பொறிவண்டு என்றதும் சிவந்த முதுகும் கரும்புள்ளிகளும் நினைவுக்கு வரும். இது அப்படியன்று. கேழ்வரகு மணி அளவில், சுமார் 2 மி.மீ. நீளமே இருக்கும். நிறம் பழுப்பு அல்லது கரும்பழுப்பு. கைலென்சில் பார்த்தால் முதுகில் நுண்ணிய ரோமங்கள் தெரியும். இவ்வகையில் ஸ்கிம்னஸ் காக்சிவோரா என்னும் இனத்துக்குப் பெயரிட்டவர், கோவையில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் டி.வி. ராமகிருஷ்ண அய்யர்.

ஏமாற்றுவது இதன் புழுப்பருவம்தான். உடல் முழுதும் வெண்மெழுகு இழைகள் மூடியிருப்பதால் அச்சாக மாவுப்பூச்சி போலவே காணப்படும்.

வேறுபாடு அறியும் முறை

1. ஈர்க்குச்சியால் மெல்லத் தொடவும். மாவுப்பூச்சி இடத்தைவிட்டு எளிதில் நகராது. பொறிவண்டுப் புழு விரைந்து ஓடும்.

2. மெழுகை நீக்கிப் பார்க்கவும். மாவுப்பூச்சி நீள்வட்டமாக, மிருதுவாக இருக்கும். புழுவின் உடல் பின்புறம் குறுகி, 3 ஜோடிக் கால்கள் நன்கு தெரியும்.

3. ஐயம் தீராவிட்டால் மாவுப்பூச்சி உள்ள குருத்துடன் ஒரு பாட்டிலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி மறுநாள் பார்க்கவும். இரை குறைந்திருந்தால் அது பொறிவண்டுப் புழுவே.

இன்ன இனம் என்று உறுதி செய்ய, ஆண் வண்டை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். வயலில் முடிவெடுக்க விவசாயிக்கு மேற்கண்ட அடையாளங்களே போதும்.

கடும் பூச்சிக்கொல்லி தெளித்தால் வண்டும் புழுவும் மடிகின்றன. மாவுப்பூச்சியையோ மெழுகுப் பூச்சு ஓரளவு காக்கிறது. பைக்குள் பத்திரமாக உள்ள முட்டைகளும் குஞ்சுகளும் தப்பி மீண்டும் பெருகுகின்றன. மருந்துச் செலவும் வீண். இலவசக் காவலும் போயிற்று.

எனவே, புழுக்கள் தென்படும் செடிகளில் தெளிப்பதைத் தவிர்க்கலாம். தாக்குதல் மிகுந்த செடிகளுக்கு மட்டும் லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். வரப்பிலுள்ள துத்தி, பார்த்தீனியம் ஆகியவற்றைக் களைவது அவசியம். சந்தேகம் இருப்பின், பூச்சியுள்ள குருத்தை வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ, வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையங்களிலோ காட்டி ஆலோசனை பெறலாம்.