முருகைக்கல் கிட்டங்கியும் சுண்ணாம்பும்

தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த பழந்தெருக்களில், சங்கும் உப்பும் பஞ்சும் நிறைந்திருந்த காலம் கழிந்தபின் பூட்டியே கிடக்கும் கிட்டங்கிகளுள் ஒன்றை வாசஸ்தலமாக மாற்ற விரும்புகிறவர், முதலில் அதன் சுவர் எதனால் ஆனதென்று பார்த்தறிவது நலம். காரை உதிர்ந்த இடத்தில் துவாரங்கள் மலிந்த வெளிறிய கல் தென்படுமாயின், அது மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரில் பவள ஜந்துக்கள் நெடுங்காலம் சுரந்து கட்டிய முருகைக்கல். இம்மணற்கரையில் அதுவே சுவராயிற்று, அதைச் சுட்டதே சுண்ணாம்பும் ஆயிற்று.

இத்தகைய சுவரில் ஈரமும் உப்பும் இயல்பாகவே குடியிருக்கும். நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புக் காரை, ஏறிய ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். அவசரத்தில் பூசப்படும் சிமெண்டோ அவ்வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தேங்கி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக விளைந்து, கல்லையே பொடித்துவிடுகிறது. இரும்புக் கம்பி வைத்தாலோ, அது துருவேறிப் பருத்துக் கட்டுமானத்தைப் பிளக்கும். பழைய வீட்டைப் புதுப்பிப்பதாக எண்ணிக்கொண்டே அழிப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை.

சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்குகிறது. எஞ்சியதில் நீர் வார்த்தால் சீறிக் கொதித்து நீறாகிறது. அந்நீறு மணலோடு சேர்ந்து சுவரேறிய பின், தான் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மாதக்கணக்கில் மெல்ல மீட்டு, மறுபடியும் கல்லாகிறது. எரித்த விறகின் புகை மீளாது என்பது மெய்யே. எனினும் சுமார் 1450 டிகிரி வெப்பம் கேட்கும் சிமெண்டைவிட இது சிக்கனமானது.

கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு இக்கலவையை அரைப்பதைக் கண்டு நகைப்பவர் உண்டு. ஆனால் முன்னதன் துவர்ப்புச் சத்தும் பின்னதன் சர்க்கரையும் கலவைக்கு முதலில் இளக்கமும் பின்னர் உறுதியும் தருவதை இக்கால ஆய்வுகளும் ஒப்புகின்றன. உடன்குடிக் கருப்பட்டி கிடைக்கும் சீமையில் தயங்குவானேன்? மணல் மாத்திரம் கடல்மணலாக இருத்தலாகாது. கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கை போதும்.

கல்தான் புதிதாகக் கிடையாது. பவளப்பாறைகளைத் தோணி தோணியாகப் பெயர்த்தெடுத்தது, தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலங்குசல்லித் தீவு நீரில் அமிழ்ந்தமைக்கு ஒரு பெருங்காரணம் என்பர். 2001ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆதலின் ஜன்னல் திறக்க இடிக்கும்போது விழும் கற்களை எறிந்துவிடாது, நன்னீரில் பலமுறை ஊறவைத்து உப்பைப் போக்கி, சிதைந்த மூலைகளிலும் வாசற்படிக்கு அடியிலும் அவற்றையே பொருத்திக்கொள்ள வேண்டும்.