வண்ணத்தைக் குறைத்தது யார்?

சித்திரக்கதையில் வண்ணம் குறைந்தால் கதையும் குறையுமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பழைய புத்தகக் கடைகளில் மாயாவி தேடி அலைகிற நண்பர்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: "கறுப்பு வெள்ளைன்னாதாங்க கதை." பக்கத்துச் சிவகாசியின் முத்து காமிக்ஸிலும் (1972) லயன் காமிக்ஸிலும் (1984) வளர்ந்த கண்கள் அவை. இந்தப் பிரியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இரும்புக்கை மாயாவி, 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் தொடங்கியபோதே கறுப்பு வெள்ளைதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். மை படாத தாளே அங்கே உடம்பு. வண்ணமின்மைதான் கதையைச் சொல்கிறது.

'தங்கக் கல்லறை' வேறு மாதிரி. மூலத்தில் அது ழான் ஜிரோ வரைந்த வண்ணக் கதை. பாலையின் வெக்கை, பொழுது சாய்வது, பயம் எல்லாம் வண்ணத்தில் இருக்கின்றன. தமிழில் முதலில் கறுப்பு வெள்ளையில் வந்தபோது கோடு மட்டும் மிஞ்சியது. பொழுதை அறிய எழுத்தை நம்ப வேண்டியதாயிற்று. வண்ணம் என்றால் நான்கு தகடு, நான்கு மை. கறுப்புக்கு ஒன்றே போதும். புத்தகம் ஏழைப் பையன் கைக்கும் எட்டியது அதனால்தான். ஆனால் இங்கே வண்ணத்தைக் குறைத்தது தூரிகை அல்ல, அச்சகக் கணக்கு.

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' (2000-2003) கறுப்பு வெள்ளையிலேயே பிறந்த நூல். 2007இல் அதைப் படமாக்கியபோது, பாரீஸ் விமான நிலையத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் நிகழ்காலத்துக்கு மட்டும் வண்ணம் சேர்த்தார்கள். ஈரானின் நினைவு பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணம் இருக்கிற இடத்தில் அவளுக்கு ஊர் இல்லை. இது தேர்ந்து செய்த சிக்கனம்.

நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருணம் என்றால் நிறம். வருணம் என்றால் சாதி அடுக்கு. அமர் சித்திரக் கதைகளில் தேவர்கள் வெளுத்தும் அசுரர்கள் பெரும்பாலும் கறுத்தும் வந்தது அச்சகக் கணக்கால் அல்ல. வண்ணம் போன பக்கத்தில் அப்பாச்சியும் அவனைச் சுடுகிற சிப்பாயும் ஒரே தாள்வெள்ளை. இழிவுபடுத்தும் சாயம் போய்விட்டதே என்று சந்தோஷப்படலாம். ஆனா எல்லார் தோலும் வெள்ளையாயிருச்சே, அதை யார் கேட்கிறது?

ஆகவே குறைந்த வண்ணத்தைச் சும்மா போற்றுவதில் பயனில்லை. நம் கதைகளைச் சித்திரமாக்க வருகிறவர்கள் எத்தனை மை என்று அச்சகத்தில் விசாரிக்கும் முன், கறுத்த உடம்பை எப்படி வரையப் போகிறோம் என்று தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும்.