பூட்டி வைத்த பதிப்பு

பைத்தான் மொழியில் கணக்கிடும் விஞ்ஞானிகள் பலர் 'நம்பை' என்னும் நிரல் தொகுப்பையே நம்பியுள்ளனர். அதைச் சார்ந்த நிரலில், '2-க்கு முந்தைய பதிப்பே வேண்டும்' என எழுதிவைப்பதுண்டு. இதுவே பதிப்பைப் பூட்டுதல். இன்று கிடைத்த விடை நாளையும் கிடைக்கும், நன்மைதானே? ஆனால் பழைய பிழைகளும் கூடவே தங்கிவிடும்.

2006-இல் 1.0 பதிப்பு வெளியான நம்பை, 2024 ஜூனில் 2.0-ஐ எட்டியது. 32 பிட் எண் ஒன்றோடு சாதாரணத் தசம எண்ணைக் கூட்டினால், முன்பு 64 பிட் விடை, அதாவது ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியம் கிடைத்தது. புதிய பதிப்பிலோ 32 பிட்தான். துல்லியம் ஏறத்தாழ 7 இலக்கமே. நிரல் நிற்காது, விடை மட்டும் சற்றே மாறும்! ஆகவே பூட்டைத் திறக்குமுன், விடை தெரிந்த கணக்குகளை இரு பதிப்புகளிலும் செய்து ஒப்பிட வேண்டும்.