கடலோடித் தேடிய மனை

தீவிற் குடியேறி வாழ்தல் என்றவுடன் நம் உள்ளத்தில் இனியதொரு கனவு எழும். நீலக் கடலும் வெண்மணலும் தென்னை நிழலும் அக்கனவில் உண்டு. தேர்வும் கடனும் அதில் இல்லை. ஆயின், அக்கனவை மெய்யாக்கக் கடலிற் புகுந்த ஒருவர் எவற்றை ஆராய்ந்து, என்ன விலை கொடுத்துத் தமக்கு ஒரு மனையைப் பெற்றார் என்பது நாம் அறியத்தக்கது. அவர்தாம் ஆங்கில இலக்கியம் பயில்வோர் நன்கறிந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்.

இவர் 1850ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் கலங்கரை விளக்கங்கள் கட்டிப் பெயர்பெற்ற பொறியாளர். பிறரைக் கரைசேர்க்கும் குடியில் தோன்றிய இவருக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. நுரையீரல் நோயும் இரத்தங் கக்கலும் இவரை அடிக்கடி படுக்கையிற் கிடத்தின. 1883இல் 'புதையல் தீவு' நூலாக வெளிவந்த காலத்தும் இவர் தென்கடலைக் கண்டிலர். 1887இல் தந்தையார் இறந்தபின் அமெரிக்கா சென்றார். வெப்பமான கடற்காற்று தம் நோயைத் தணிக்கும் என்னும் நம்பிக்கையால், தம் பொருளில் 2,000 பவுனை ஒதுக்கிக் 'காஸ்கோ' என்னும் பாய்க்கலத்தை வாடகைக்கு அமர்த்தினார். 1888ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், தாயாரும் மனைவியாரும் மனைவியாரின் முதல் மணத்து மகனும் உடன்வரச் சான்பிரான்சிஸ்கோவினின்றும் புறப்பட்டார்.

ஒரு திங்களளவில் கலம் மார்க்கேசாஸ் தீவுகளை அடைந்தது. அங்கிருந்து பவுமோட்டுத் தீவுகளுக்கும் தாஹிட்டிக்கும் சென்றனர். இப்பகுதித் தீவுகள் பெரும்பாலும் இருவகைப்படும். எரிமலைப் பாறையால் ஓங்கி எழுந்தவை ஒருவகை. இவற்றின் மலைகள் முகிலைத் தடுத்து மழையைப் பெய்விக்கும். அருவிநீரும் வளமண்ணும் இங்கு உண்டு. பவழ உயிர்கள் கட்டிய பாறையாலாகி, காயலைச் சூழ்ந்து வளையம்போற் கிடப்பவை மற்றொரு வகை. இவை கடல்மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்தவை. இங்கு ஆறுகள் இல்லை, தென்னை செழிக்கும், பிற பயிர்கள் அரிதின் விளையும். மார்க்கேசாஸும் தாஹிட்டியும் முதல்வகை; பவுமோட்டு இரண்டாவது. காண்பார் கண்ணுக்கு இருவகையும் அழகியனவே. குடியேறுவாரோ நீரும் மண்ணும் நாடுவர்.

தாஹிட்டியில் ஸ்டீவன்சன் கடும் நோயுற்றார். அதன்பின், கலத்தின் பாய்மரம் உள்ளே உளுத்திருந்ததும் வெளிப்பட்டது. நடுக்கடலிற் புயல் தாக்கியிருப்பின் அனைவரும் மாண்டிருப்பர். மரத்தைப் பழுதுபார்க்கும் வரையில் தவுத்திரா என்னும் ஊரிற் பல கிழமைகள் தங்க நேர்ந்தது. அவ்வூர்த் தலைவர் தம் வீட்டையே அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். உணவுப் பொருள் குறைந்தபோது உணவும் அளித்தார்.

1889 ஜனவரியில் ஹொனலூலு சேர்ந்ததும் காஸ்கோவை விடுத்தனர். பின்னர் 'ஈக்குவேட்டர்' என்னும் வணிகக் கலத்திற் கில்பர்ட்டுத் தீவுகளைச் சுற்றி, அவ்வாண்டு டிசம்பரிற் சமோவாவின் ஆப்பியாத் துறைமுகத்தை அடைந்தனர். முந்திய மார்ச்சில் வீசிய சூறாவளியால் அழிந்த செர்மானிய, அமெரிக்கப் போர்க்கப்பல்களின் சிதைவுகள் அங்கே கிடந்தன. அக்காட்சியைக் கண்டும், ஆப்பியாவிலிருந்து மூன்று கல் தொலைவில் ஏறத்தாழ 300 ஏக்கர் காட்டுநிலத்தை 1890இல் ஸ்டீவன்சன் வாங்கினார். காரணம் யாது? உப்போலு என்னும் அத்தீவு உயர்ந்தது, நீர்வளம் உடையது. சிட்னிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஓடிய தபாற் கப்பல்களின் வழியும் அதன் அருகே சென்றது. எழுதிப் பிழைப்பவருக்குத் தபால் இன்றியமையாததன்றோ?

எனினும், தாயகம் திரும்பும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. அவ்வெண்ணத்தோடு சிட்னிக்குச் சென்றார். சென்றவுடன் நோய் மீண்டும் பற்றியது. 'ஜானட் நிக்கோல்' என்னும் நீராவிக் கப்பலில் மறுபடியும் வெப்பக் கடலிற் புகுந்தார், உடல் தேறியது. குளிர்நாட்டிற்குத் திரும்பின் உயிர் தங்காது என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே சமோவாவிற் குடியேறினார். பின்னர் ஸ்காத்லாந்தை அவர் காணவேயில்லை.

காட்டைத் திருத்தி எழுப்பிய மனைக்கு வைலிமா என்பது பெயர். சமோவ மக்கள் அவரைத் 'துசித்தாலா', அஃதாவது கதை எழுதுவோர், என அழைத்தனர். அக்காலத்துச் செர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா என்னும் மூன்று வல்லரசுகள் அந்நாட்டின் ஆட்சியிற் புகுந்து பூசலை வளர்த்தன. ஸ்டீவன்சன் வாளா இருந்திலர்; 1892இல் அதுபற்றி ஒரு நூல் எழுதினார். 1893இல் நிகழ்ந்த போரில் தோற்றுச் சிறைப்பட்ட தலைவர்களை நேரிற் கண்டு உதவினார். விடுதலையான அத்தலைவர்கள் 1894இல் கூலி பெறாது வைலிமாவுக்கு ஒரு பாதை அமைத்து, அதற்கு அன்புள்ளத்தின் பாதை எனப் பெயரிட்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், மூளையில் இரத்தம் கசிய, 44ஆம் வயதில் ஸ்டீவன்சன் மறைந்தார். சமோவ மக்கள் வையா மலையின் காட்டை வெட்டி வழிசெய்து, அவர் உடலைத் தோளிற் சுமந்து உச்சியில் அடக்கஞ் செய்தனர். வைலிமா இன்று காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

கடலோடி அவர் பெற்ற வாழ்வு நான்காண்டே. நீரும் மண்ணும் தபாலும் ஆராய்ந்து நிலத்தைத் தேர்ந்தார். பொருள் கொடுத்து அதனை வாங்கினார். ஆயினும், அம்மக்களின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொண்ட பின்னரே அவர் அவ்வூராருள் ஒருவரானார். தொலைநாட்டு வாழ்வை நாடும் நம்மனோரும் இதனைச் சிந்திப்பாராக.