விண்டோஸ் மாறியதும் ஈ-மெயில் 'ஸ்டக்' ஆகிறதா? போர்மட் பண்ணுவதற்கு முன் பிரதி எடுங்கள்!

கண்டி நகரில் டி. எஸ். சேனாநாயக்க வீதியானாலும் கொழும்பு வீதியானாலும், பில் போட ஒரு கம்பியூட்டரும் ஓடர் எடுக்க ஓர் ஈ-மெயில் முகவரியும் இல்லாமல் இன்று மொத்த வியாபாரம் நடத்துவது சிரமம். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று வெளிநாட்டுக்கு அனுப்புவோரும் சீனாவிலிருந்து சாமான் இறக்குவோரும் பேச்சுவார்த்தையை வட்ஸ்அப்பில் முடித்தாலும், விலைமனு, இன்வொய்ஸ், கப்பல் ஆவணங்களின் பிரதி, வங்கியின் எல்.ஸீ. விவரம் ஆகியவை ஈ-மெயிலில்தான் வந்து சேருகின்றன.

அந்த ஈ-மெயில் ஒரு நாள் காலையில் திறக்காவிட்டால்? திரை வெள்ளையாகி, மேலே 'நொட் ரெஸ்பொண்டிங்' என்று எழுதிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டால்?

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பலர். அநேகமாக எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "நானா, கம்பியூட்டரில் புது விண்டோஸ் போட்டோம். அதற்குப் பிறகு அவுட்லுக் ஸ்டக் ஆகுது." நான் கம்பியூட்டர் படித்தவன் அல்ல. இருபது வருடங்களுக்கு மேலாகக் கடையில் ஈ-மெயில் பாவித்து வரும் ஒரு வியாபாரி. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சொல்லக்கூடிய அளவில் இந்த விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

எதனால் வந்தது இந்தத் தொல்லை?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்தியது. அதே நாளில் ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் முடிந்தது. இதனால் பல கடைகளில் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். விண்டோஸ் மாறியது, ஆனால் உள்ளேயிருந்த அவுட்லுக்கும் அதன் பழைய கடிதக் கோப்பும் அப்படியே இருந்தன.

இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. 2026 ஜனவரி 13ஆம் திகதி மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் அப்டேட்டைப் போட்ட பிறகு, பழைய வகை அவுட்லுக்கில் 'பொப்' முறையில் ஈ-மெயில் எடுப்பவர்களுக்கும், கடிதக் கோப்பை ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள் வைத்திருந்தவர்களுக்கும் அவுட்லுக் உறைந்து நிற்கத் தொடங்கியது. மூடினால் முழுதாக மூடாது. மூடாததால் மறுபடி திறக்காது. அனுப்பிய கடிதம் 'சென்ட் ஐட்டம்ஸ்' பகுதியில் தெரியாது. ஏற்கனவே வந்த கடிதங்கள் மறுபடியும் இறங்கும். தங்களது அப்டேட்டால் வந்த கோளாறுதான் இது என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஜனவரி 24ஆம் திகதி அவசரத் திருத்தமொன்றையும் வெளியிட்டது.

இந்தப் பதினொரு நாட்களும் வியாபாரிக்கு என்ன நட்டம் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பிய விலைமனு 'சென்ட்' பகுதியில் தெரியவில்லை என்றால், போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவோம். இரண்டாவது தடவை விலையில் ஒரு சிறு மாற்றம் இருந்தால் வாங்குபவர் எந்த விலையைப் பிடிப்பார்? ஓடரை இரண்டு தடவை அனுப்பினால் சாமான் இரண்டு மடங்கு வந்து இறங்காதா? ஆகவே கடிதம் போனதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், மறுபடி அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே பேரேட்டில் எல்லாக் கணக்கும்

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'பொப்' முறையில் உங்கள் கடிதங்கள் சேர்வரிலிருந்து கடைக் கம்பியூட்டருக்கு இறங்கி, பி.எஸ்.ரி. என்ற ஒரே கோப்புக்குள் போய் அடைகின்றன. பத்து வருடக் கடிதங்கள், இணைப்புகள், முகவரிகள் எல்லாம் அந்த ஒரே கோப்புத்தான். நமது வாப்பாமார் காலத்துப் பேரேடு போல. அந்தப் பேரேடு ஒன்றுதான், வேறு பிரதி இல்லை.

அந்தப் பேரேட்டுக்கும் ஓர் அளவு உண்டு. அவுட்லுக் 2002 வரை 2 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜி.பி. 2010க்குப் பிறகு 50 ஜி.பி. அளவு எல்லையைத் தொடாவிட்டாலும், கோப்பு பெருக்கப் பெருக்க அவுட்லுக் திறக்க எடுக்கும் நேரமும் கூடும். மின்சாரம் போய்க் கம்பியூட்டர் திடீரென்று நின்ற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோப்பு கொஞ்சம் பழுதுபடும் வாய்ப்பும் உண்டு. பழைய விண்டோஸில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்த கோப்பு, புது விண்டோஸுக்கு வந்ததும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்ட்ரைவ் விஷயமும் அப்படித்தான். புது விண்டோஸ் போடும்போது 'டொக்கியுமென்ட்ஸ்' ஃபோல்டரை இணையத்தில் சேமிக்கும் வசதி பல இடங்களில் தானாகவே இயங்கத் தொடங்கும். அவுட்லுக் கோப்பு வழமையாக இருப்பதும் அந்த ஃபோல்டருக்குள்தான். அவுட்லுக் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்ட்ரைவ் அதை மேலே அனுப்பப் பார்க்கும். ஒரே பேரேட்டை இரண்டு கணக்கப்பிள்ளைமார் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடக்கிறது.

இது நமக்குப் புதிய அனுபவமும் அல்ல. எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாவித்தோம். 2007இல் விஸ்டா வந்தபோது அதன் இடத்தில் 'விண்டோஸ் மெயில்' வந்தது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது ஈ-மெயில் நிரலே அதனுடன் வரவில்லை. விண்டோஸ் 10இல் இருந்த 'மெயில்' நிரலும் 2024 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது. நிரல்கள் வந்து வந்து போகும். கடிதங்கள் நம்முடையவை, அவை போகக்கூடாது.

கடையில் நாமே செய்யக்கூடியவை

முதலாவது, பதறவேண்டாம். கடிதங்கள் அழியவில்லை, திறக்கத்தான் முடியவில்லை. விண்டோஸ் மாற்றிய பின் முதல் தடவை அவுட்லுக் திறக்கும்போது, பெரிய கோப்பாக இருந்தால் அரை மணித்தியாலம் கூட எடுக்கலாம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, அவசர வேலை நிற்கக்கூடாது. உங்கள் ஈ-மெயில் சேவையின் இணையத்தளத்துக்குப் போய் பிரவுசர் மூலம் உள்ளே நுழையுங்கள். சொந்த டொமைன் முகவரி என்றாலும் இணையத்தில் பார்க்கும் வசதி அநேகமாக இருக்கும். புதிதாக வரும் கடிதங்களை அங்கே பார்த்துப் பதில் போடலாம். அந்த முகவரியையும் பாஸ்வேர்டையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். பாஸ்வேர்ட் எதுவென்று தெரியாத முதலாளிமார் நம்மில் நிறையப் பேர். தெரிந்த பொடியன் வேலையை விட்டுப் போன பின்தான் அந்தக் கவலை வரும்.

மூன்றாவது, எதிலும் கை வைப்பதற்கு முன் பி.எஸ்.ரி. கோப்பைப் பிரதி எடுங்கள். அவுட்லுக்கை மூடுங்கள். மூடாவிட்டால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மெனேஜர்' வரும். அதில் அவுட்லுக்கைத் தெரிந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். பிறகு அந்தக் கோப்பை வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி செய்யுங்கள். இதற்குப் பின் என்ன பிழைத்தாலும் பேரேடு கையில் இருக்கும்.

நான்காவது, கோப்பு ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள் இருந்தால் அங்கிருந்து வெளியே எடுத்து, கம்பியூட்டரின் உள்ளேயே வேறு ஃபோல்டரில் வையுங்கள். புது இடத்தை அவுட்லுக்குக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பதால், இதை விஷயம் தெரிந்த தம்பி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

ஐந்தாவது, விண்டோஸ் அப்டேட்டை முழுமையாகப் போடுங்கள். ஜனவரி 24ஆம் திகதியின் திருத்தம் அதற்குப் பின் வந்த அப்டேட்டுகளிலும் அடங்கும். ஜனவரிக் கோளாறுதான் காரணம் என்றால் இதோடு சரியாகிவிடும். அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைப்பது கடைக்குப் பூட்டுப் போடாமல் போவது போன்றது.

ஆறாவது, அப்படியும் நின்றால், கொன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவுட்லுக் படத்தைச் சொடுக்குங்கள். 'சேஃப் மோட்'டில் திறக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அப்படித் திறந்தால் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்படியானால் கோளாறு அவுட்லுக்கில் இல்லை. அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அட்-இன்' எனப்படும் சில்லறை நிரல்களில்தான் கோளாறு. வைரஸ் தடுப்பான், பீ.டீ.எஃப். நிரல், கணக்கு மென்பொருள் ஆகியவை தங்களை அவுட்லுக்கில் ஒட்டிக்கொள்வதுண்டு. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

ஏழாவது, சேஃப் மோட்டிலும் ஸ்டக் ஆனால், கோப்பு பழுது என்று சந்தேகிக்கலாம். இதைத் திருத்த ஒபிஸுடனேயே ஒரு கருவி வருகிறது. எஸ், சி, ஏ, என், பி, எஸ், ரி என்ற ஏழு எழுத்துகள்தான் அதன் பெயர். ஒபிஸ் இருக்கும் ஃபோல்டரில் தேடினால் கிடைக்கும். பெரிய கோப்புக்குப் பல மணித்தியாலம் எடுக்கும். ஜும்ஆவுக்குக் கடை மூடும் நேரம் போதாது, இரவு போட்டுவிட்டுப் போங்கள். ஆனால் யு.பி.எஸ். இல்லாமல் போடாதீர்கள். இடையில் மின்சாரம் போனால் உள்ளதும் கெடலாம்.

எட்டாவது, இவை எதற்கும் மசியாவிட்டால் கொன்ட்ரோல் பெனலில் 'மெயில்' என்ற இடத்தில் புதிய 'புரொஃபைல்' ஒன்றைத் திறந்து, பழைய கோப்பை அதில் சேர்த்துப் பார்க்கலாம்.

இது வேறு நோய்

சிலருக்கு அவுட்லுக் உறையாது, திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேட்கும். இது வேறு நோய். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துப் பழைய நிரல்கள் உள்ளே நுழைவதைத் தனிநபர் ஜீமெயில் கணக்குகளுக்கு கூகிள் 2022 மே 30 முதல் நிறுத்தியது. அவுட்லுக் டொட் கொம், ஹொட்மெயில் முகவரிகளுக்கு மைக்ரோசொப்ட் 2024 செப்டம்பர் 16இல் நிறுத்தியது. இதற்கு மருந்து புதிய பதிப்பு, அல்லது ஜீமெயிலில் 'அப் பாஸ்வேர்ட்' எடுப்பது.

இன்னும் சிலர் விண்டோஸ் 11இல் அவுட்லுக் திறந்து, ஒரு கடிதமும் இல்லையே என்று தலையில் கை வைப்பார்கள். அங்கே 'கிளாசிக்', 'நியூ' என்று இரண்டு அவுட்லுக் இருக்கலாம். உங்கள் பழைய பேரேடு கிளாசிக்கில்தான். எதைத் திறந்தோம் என்று பெயரைப் பாருங்கள்.

'போர்மட்' என்ற வார்த்தை

எனக்குத் தெரிந்த வாசனைத் திரவிய வியாபாரி ஒருவரின் கம்பியூட்டர் இப்படி நின்றபோது, பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்தார். மறுநாள் சுத்தமாக, வேகமாக வந்தது. வின்டோஸ் புதிது, ஒபிஸ் புதிது, அவுட்லுக் காலி. போர்மட் பண்ணிவிட்டார்கள். டுபாயில் சாமான் வாங்குபவர், தரத்தில் குறை என்று பணத்தைப் பிடித்து வைத்திருந்த நேரம் அது. தரத்தை ஏற்றுக்கொண்டு அவர் முன்பு எழுதிய கடிதம் அந்தக் கோப்பில் மட்டுமே இருந்தது. கடைசியில் விலையைக் குறைத்துச் சமாதானம் பேச வேண்டி வந்தது.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும், மின்னணு வழியில் செய்த ஒப்பந்தத்துக்கும் சட்ட அங்கீகாரம் தந்திருக்கிறது. ஆகவே ஓர் ஈ-மெயில் என்பது கையெழுத்திட்ட கடிதத்தைப் போலவே காத்து வைக்க வேண்டிய பொருள். திருத்தக் கொடுக்கும்போது வாயால் சொல்வதோடு நிற்காமல், ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: "பி.எஸ்.ரி. கோப்பைப் பிரதி எடுக்காமல் போர்மட் பண்ணக் கூடாது."

இன்னொரு எச்சரிக்கை. அவுட்லுக் ஸ்டக் ஆனதும் இணையத்தில் 'உதவி இலக்கம்' தேடி அழைக்க வேண்டாம். மைக்ரோசொப்ட் என்று சொல்லிக்கொண்டு, தூரத்திலிருந்து உங்கள் கம்பியூட்டரைத் தன் கைக்குள் எடுத்து, வங்கிக் கணக்கு வரை போகும் மோசடிக்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். திரையில் தொலைபேசி இலக்கத்தோடு எச்சரிக்கை தோன்றினால் அது பொய். மைக்ரோசொப்ட் தனது எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் போடுவதில்லை.

இனிமேல்

முடியுமானவர்கள் 'பொப்' முறையிலிருந்து 'ஐமெப்' முறைக்கு மாறுங்கள். அதில் கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும். கடைக் கம்பியூட்டர் பழுதானாலும் ஃபோனில் பார்க்கலாம். பொப் முறையிலேயே இருக்க வேண்டியவர்கள், சேர்வரில் பிரதி வைக்கும் வசதி போடப்பட்டிருக்கிறதா, எத்தனை நாளைக்கு என்று பாருங்கள். வழமையாக அது 14 நாள் என்று இருக்கும். அதன் பின் சேர்வரில் இராது.

வருடத்துக்கு ஒரு தடவை பழைய கடிதங்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து வையுங்கள். பேரேடு முடிந்தால் புதுப் பேரேடு போடுவது நமக்குப் புதிய பழக்கமா என்ன?

பிரதியைக் கடையிலேயே வைக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். கம்பியூட்டரும் பிரதி எடுத்த ஹாட் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் ஒன்றாகத்தான் கொண்டு போகும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வீடும் தாழ்வான இடமென்றால் மேல்மாடியில்.

இந்த வாரம் கடை மூடுமுன் கணக்கு எழுதுபவரைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். "நம்முடைய மெயில் கோப்பு எங்கே இருக்கிறது? அதன் பிரதி கடைசியாக எப்போது எடுத்தது?" இரண்டுக்கும் உடனே பதில் வராவிட்டால், அவுட்லுக் இன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த வேலையை முடித்துவிட்டே கடையைப் பூட்டுங்கள்.