தப்பும் வட்டரங்கும்

மாசித் திங்களில் நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களிற் காமன்கூத்து நிகழுங்கால், வேடங்கள் களம் புகுந்தோறும் தப்படிப்போர் அடியை மாற்றுவர். அடியைக் கேட்ட அளவிலே வருபவர் இன்னார் எனக் கூட்டம் அறிந்துகொள்ளும். அதே தப்புத்தான் முற்காலத்தில் வைகறையில் முழங்கித் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது. ஏவலுக்கும் ஆடலுக்கும் ஒரே கருவி!

சர்க்கஸ் இசையின் வரலாறும் இத்தகையதே. கயிற்றின்மேல் ஆடுவோர்க்குப் பறை முழங்கியதை நம் முன்னோர் நன்கறிவர். குறுந்தொகையின் 7ஆம் செய்யுள், காற்றில் அசையும் வாகை நெற்றின் ஒலிக்கு அப்பறையொலியையே உவமையாக்கிற்று. மேனாட்டிலோ அவ்விடத்தைப் படையிசை பற்றிக்கொண்டது. 1768இல் இலண்டனிற் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி, குதிரைப்படையிற் சார்ஜண்டாயிருந்தவர். குதிரை வந்த வழியே முரசும் எக்காளமும் வருதல் இயல்பன்றோ? இசைக்கேற்பக் குதிரை அடிவைப்பதாக நாம் எண்ணி வியக்கின்றோம். உண்மையில், குளம்பைப் பார்த்தே வாத்தியத் தலைவர் தாளத்தை இழுத்தும் முடுக்கியும் பொருத்துவார்.

நோர்வூட்டில் யான் ஒருமுறை கண்ட சர்க்கஸிலே, கோமாளி வந்தபோது ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு எழுந்தது. உலகெங்கும் சர்க்கஸின் அடையாளமாகிவிட்ட மெட்டு அது. ஆயினும் கோமாளிக்காகப் பிறந்ததன்று. ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையின் வாத்தியத் தலைவர் ஜூலியஸ் ஃபூச்சீக், உரோம வாள்வீரர் களம் புகும் காட்சியை எண்ணிப் பெயரிட்ட 1897ஆம் ஆண்டு நடையிசை அது. 1901இல் கனடா நாட்டு லோரண்டோ அதனைச் சிறு குழுக்களுக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தார். அமெரிக்க சர்க்கஸ் குழுக்கள் அதனை விரைவுபடுத்தி வாசித்தன. வாள்வீரர் மறைந்தனர், கோமாளி புகுந்தார். தொல்காப்பியர் கூறிய பெருமிதம், காலம் முடுகியதும் நகையாகிவிட்டது.

நிற்க. ஜோன் பிலிப் சூசாவின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் போரெவர்’ என்னும் நடையிசையை அமெரிக்க சர்க்கஸ் வாத்தியக்காரர் சாதாரண நாட்களில் வாசிப்பதில்லை. ஆபத்து நேர்ந்ததென்று தம்மவர்க்கு மட்டும் உணர்த்தும் குறி அது. 1944 ஜூலை 6ஆம் நாள், ஹார்ட்போர்ட் நகரில், நீர் புகாதிருக்கப் பரபின் மெழுகும் பெற்றோலும் கலந்து பூசப்பட்டிருந்த கூடாரம் தீப்பற்றியது. வாத்தியத் தலைவர் மேர்ல் எவன்ஸ் உடனே அவ்விசையைத் தொடங்குவித்தார். கூரை எரிந்துகொண்டிருக்கையிலும் வாசிப்பு நிற்கவில்லை. 160க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் வெளியேறி உயிர் பிழைத்தனர்.

பார்வையாளர்க்கு அது பழகிய நாட்டுப்பற்று மெட்டு. சர்க்கஸ் தொழிலாளர்க்கோ ஏவல். வைகறைத் தப்பையும் வழிப்போக்கர் வெறும் மேளமென்றே கேட்டிருப்பர்; லயத்து மக்கள் கொழுந்துக் கூடையைத் தேடி எழுந்தனர்.